சாம்பலுக்கு மேல் பதவி இல்லை

என் மனைவி அனந்தலக்ஷ்மிக்கு நாற்பத்தெட்டு வயது நடந்துகொண்டிருந்தபோது, அவளுக்கு எந்த நிறம் பொருந்தும் என்று அரசாங்கம் யோசிக்கத் தொடங்கியது. அதுவரை அதை அவளே யோசித்துக்கொண்டிருந்தாள்.

தில்லிக்குக் கலர் டி.வி. வந்த வருஷம் அது. ஆசிய விளையாட்டுப் போட்டிகளுக்காக ஊரெங்கும் மேம்பாலங்கள் எழும்பிக்கொண்டிருந்தன. நாங்கள் கரோல் பாகில் ஒரு மாடி வீட்டில் குடியிருந்தோம். நான் ஓர் அமைச்சகத்தில் அஸிஸ்டன்ட். அவள் மத்திய வரவேற்பு இயக்ககத்தில் யு.டி.சி. என்னும் மேல்நிலை குமாஸ்தா. வெளிநாட்டிலிருந்து வரும் விருந்தாளிகளை வரவேற்பது அந்த அலுவலகத்தின் பணி. விருந்தாளி வராத நாட்களில், வந்தால் எப்படி வரவேற்பது என்று கோப்பு எழுதுவார்கள். விருந்தாளிகள் குறைவு என்பதால் கோப்புகள் நன்றாக வளர்ந்திருந்தன.

அந்த ஆடியில் மெட்ராஸிலிருந்து அவளுடைய அக்கா காமாக்ஷி, ஜி.டி. எக்ஸ்பிரஸில் வந்த தெரிந்தவர் ஒருவரிடம் ஒரு பட்டுப்புடவை கொடுத்து அனுப்பியிருந்தாள். கிளிப்பச்சை உடல், மிளகாய்ப்பழச் சிவப்பில் கரை. கட்டிலில் பிரித்துப் போட்டபோது அறையே ஒரு படி கூடுதல் வெளிச்சமானதுபோல் இருந்தது. மறுநாள் எங்களுக்கு மேல் மாடியில் குடியிருந்த சேஷன் வீட்டுக்கு டிரங்க் கால் வந்தது. சேஷன் அண்டர் செக்ரெட்டரி. கட்டடத்திலேயே டெலிபோன் உள்ளவர் அவர்தான்.

"புடவை வந்துதாடீ?" என்று காமாக்ஷி கத்தியது எனக்கே கேட்டது.

"வந்துது அக்கா. இந்த வயசுல எனக்கு இப்படி ஒரு பச்சையா?"

"வயசு உனக்குத்தானே? பச்சைக்கு இல்லையே!"

காமாக்ஷிக்கு இரண்டு கண்ணிலும் புரை. முற்றினால்தான் ஆபரேஷன் என்று டாக்டர் சொல்லியிருந்தார். அது அவசரப்படாமல் முற்றிக்கொண்டிருந்தது. முகங்கள் தெரியாது, நிறங்கள் தெரியும். ரயிலேறித் தில்லி வர முடியாது. அக்காவும் தங்கையும் பார்த்து ஆறு வருஷம் ஆகியிருந்தது. ஆனால் தான் குடியிருக்கும் வீட்டின் சொந்தக்காரர் கலர் டி.வி. வாங்கியிருக்கிறார் என்று சொன்னாள். அனந்தலக்ஷ்மியும் பதிலுக்கு ஒரு செய்தி சொன்னாள். நவம்பரில் இயக்ககம் வெளிநாட்டு விருந்தாளிகளுக்கு ஒரு வரவேற்பு நடத்துகிறது. நாடு முழுவதும் டி.வி.யில் காட்டப் போகிறார்கள். சீனியர் பெண் ஊழியர்கள் வாசலில் வரிசையாக நின்று வரவேற்பார்கள்.

"உன் பச்சையைக் கட்டிண்டு நிக்கறேன். வரிசையில பச்சையா யார் தெரியறாளோ அது நான்."

"சத்தியமா?"

"சத்தியமா."

அடுத்த வாரம் சுற்றறிக்கை வந்தது.

நாற்பத்தைந்து வயதைக் கடந்த பெண் ஊழியர்களின் சருமம் முதிர்ந்ததாகக் கருதப்படும் என்று அது தொடங்கியது. கருப்பு வெள்ளை ஒளிபரப்பில் இதனால் அரசுக்கு எந்தப் பாதிப்பும் ஏற்பட்டதில்லை. கலர் ஒளிபரப்பில் ஏற்படக்கூடும். எனவே முதிர்ந்த சருமத்துக்கு எழிலூட்டும் வண்ணங்களைத் தேர்ந்தெடுக்க ஒரு துணைக் குழு அமைக்கப்படுகிறது. தலைவர், டைரக்டர் மல்ஹோத்ரா. உறுப்பினர்கள், அவர் சொல்வதை எழுதிக்கொள்ள மூன்று பேர். எல்லோரும் ஆண்கள். பெண்களைச் சேர்த்தால் தங்கள் நிறத்துக்குச் சாதகமாக நடந்துகொள்வார்கள் என்பது காரணம்.

மல்ஹோத்ரா செங்கல் நிறத்தில் சஃபாரி சூட் போடுவார். தலைமுடிக்கு மை தீட்டுவார். வெயில் நாட்களில் அது காதுவரை வரும். குழுவைத் தொடங்கிவைத்து அவர் ஹிந்தியில் ஆற்றிய உரையை அனந்தலக்ஷ்மி அன்று மாலை வீட்டில் தோளில் துண்டைப் போட்டுக்கொண்டு நடித்துக் காட்டினாள். நான் அதைத் தமிழில் தருகிறேன்.

"சகோதரிகளே! இளம்பெண்ணுக்கு நிறத்தை இயற்கை தேர்ந்தெடுக்கிறது. நடுத்தர வயதில் கணவன் தேர்ந்தெடுக்கிறான். அதற்குப் பிறகு யாருமே கவனிப்பதில்லை. இந்தப் பெரிய வெற்றிடத்தை நிரப்பவே அரசு முன்வந்திருக்கிறது. எனக்குப் பெண்களின் உடையைப் பற்றி ஒன்றும் தெரியாது. அதனால்தான் நான் பாரபட்சமின்றி முடிவெடுக்க முடியும்."

கைதட்டினார்கள். அனந்தலக்ஷ்மியின் பக்கத்து மேஜைக்காரி லீலாவதி எழுந்து, "ஆண் ஊழியர்களின் சருமம்?" என்று கேட்டாள்.

"ஆணின் சருமம் முதிர்வதில்லை. அது அனுபவம் பெறுகிறது" என்றார் மல்ஹோத்ரா.

குழுவின் முன் ஆஜராக ஒவ்வொரு பெண்ணும் தன் சருமத்தின் கலர் போட்டோ ஒன்றைக் கெஜட்டட் அதிகாரியின் கையெழுத்தோடு கொண்டுவர வேண்டும். நாங்கள் போட்டோவை எடுத்துக்கொண்டு சேஷனிடம் போனோம். மூக்குக்கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டார்.

"அசல் எங்கே மாமி?"

"எதோட அசல்?"

"சருமத்தோட. இது காப்பிதானே? அசலைப் பார்க்காம நான் அட்டெஸ்ட் பண்றதில்லை. முப்பது வருஷ சர்வீஸ்ல பண்ணினதில்லை."

"இங்கேயேதான் இருக்கு சார். முகத்துல."

"அச்சா. விளக்குப் பக்கம் திரும்புங்கோ."

சேஷன் போட்டோவைப் பார்த்தார், முகத்தைப் பார்த்தார். மறுபடியும் போட்டோ, மறுபடியும் முகம். உள்ளேயிருந்து அவர் மனைவி விஜயலக்ஷ்மியின் குரல் வந்தது. "என்ன, அவ மூஞ்சியையே அப்படிப் பார்த்துண்டிருக்கேள்?"

"ஆபீஸ் வேலைடீ!"

"ஆபீஸ் வேலையை ஆபீஸ்ல பண்ணுங்கோ!"

கடைசியில் முத்திரை குத்தினார். அசலுடன் ஒப்பிட்டுப் பார்க்கப்பட்டது, சரியாக உள்ளது. கல்யாணமான நாளிலிருந்து அசலைப் பார்த்துவரும் நான் பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தேன். நான் கெஜட்டட் அல்லாததால் என் அபிப்பிராயம் கேட்கப்படவில்லை.

பரிசோதனை கான்ஃபரன்ஸ் அறையில் நடந்தது. பெண்களின் கௌரவத்தைக் காக்க ஜன்னல் திரைகளை இழுத்துவிட்டிருந்தார்கள். அதனால் சூரிய வெளிச்சம் இல்லை. இரண்டு டியூப்லைட், அதில் ஒன்று துடித்துக்கொண்டிருந்தது. அதிகாரிகள் பெண்களின் முகத்தருகே கை கொண்டுபோவது முறையல்ல என்பதால் சப்ராசி என்கிற பியூன் ராம்தனிடம் அந்தப் பொறுப்பு தரப்பட்டது. அவனுக்கும் கௌரவம் உண்டே. அவன் கண்ணை இறுக மூடிக்கொண்டு வண்ண அட்டையைக் கன்னத்துக்கு அருகே நீட்டினான். பாதி நேரம் அது அனந்தலக்ஷ்மியின் காதுக்குப் பின்னால் இருந்தது.

வண்ண அட்டையை அலுவலகத்திலேயே தயாரித்திருந்தார்கள். முப்பத்திரண்டு நிறங்கள், முப்பத்திரண்டு கட்டங்கள். அலுவலகத்தில் எதையும் பல பிரதி எடுக்க அவர்களுக்குத் தெரிந்த ஒரே வழி, ஸ்டென்ஸில் வெட்டி சைக்ளோஸ்டைல் மெஷினில் ஓட்டுவது. அப்படியே ஓட்டியிருந்தார்கள்.

"சார், எல்லாக் கட்டமும் கறுப்பா இருக்கே" என்றாள் அனந்தலக்ஷ்மி.

மல்ஹோத்ரா வருத்தத்தோடு அவளைப் பார்த்தார். "கட்டத்துக்குக் கீழே நிறத்தின் பெயர் எழுதியிருக்கிறது, மிஸஸ் ராஜாராமன். யு.டி.சி.க்குப் படிக்கத் தெரிய வேண்டாமா?"

ராம்தன் ஏழாம் நம்பர் மாம்பழ மஞ்சளை நீட்டினான். உறுப்பினர்கள் தலையைச் சாய்த்துப் பார்த்தார்கள். பிறகு எட்டாம் நம்பர் மயில் கழுத்து. பிறகு கத்திரிப்பூ. பிறகு வாடாமல்லி. மாலைக்குள் எல்லாப் பெண்களையும் பார்த்து முடித்து, குழு ஒருமனதாக ஓர் உண்மையைக் கண்டுபிடித்தது. முதிர்ந்த சருமத்துக்கு எல்லா நிறங்களும் துல்லியமாக ஒரே அளவில் பொருந்துகின்றன. உலகில் வேறு எந்த நாட்டிலும் இது கண்டறியப்படவில்லை என்று மல்ஹோத்ரா குறிப்பு எழுதினார்.

எல்லா நிறமும் பொருந்தும் என்றால் பச்சையும் பொருந்தும்தானே என்று அனந்தலக்ஷ்மி சந்தோஷமாக வீட்டுக்கு வந்தாள். புடவைக்கு ஃபால்ஸ் வைத்துத் தைக்க உட்கார்ந்தாள். எல்லா நிறமும் சமம் என்றால் விலைதான் தீர்மானிக்க வேண்டும் என்பது அவளுக்குத் தோன்றவில்லை. அலுவலகத்துக்குத் தோன்றியது. கொட்டேஷன் கேட்டார்கள். சதர் பஜாரில் ஒரு வியாபாரியிடம் கோட்டுக்கு உள்ளே வைத்துத் தைக்கும் லைனிங் துணி தேங்கிக் கிடந்தது. சாம்பல் நிறம். மற்ற எல்லோரையும்விடக் குறைந்த விலை சொன்னார். மொத்தத்தையும் எடுக்க வேண்டும் என்பது மட்டும் அவருடைய நிபந்தனை. எடுத்தார்கள். அதற்கு மறுநாள் நிபுணர் அறிக்கை வெளிவந்தது: முதிர்ந்த சருமத்துக்கு எழிலூட்டும் நிறம் சாம்பல்.

அனந்தலக்ஷ்மி நேராக மல்ஹோத்ரா அறைக்குப் போனாள். லீலாவதியும் துணைக்குப் போய் வாசலில் நின்றாள்.

"சார், எனக்கு மட்டும் பச்சைக்கு அனுமதி கொடுங்கோ. எங்க அக்கா மெட்ராஸ்ல பார்ப்பா. கண் சரியில்லை. பச்சை இருந்தாத்தான் அது நான்னு தெரியும்."

"என்ன பச்சை?"

"கிளிப்பச்சை."

மல்ஹோத்ரா பேனாவைக் கீழே வைத்தார். "கிளிப்பச்சை இளநிலை நிறம். எல்.டி.சி. கிரேடு. போன மாதம் சேர்ந்தாளே டைப்பிஸ்ட் அம்சவேணி, அவள் கட்டலாம். நீங்கள் கட்டினால் அது பதவி இறக்கம். குற்றம் ஏதும் செய்யாத ஊழியரைப் பதவி இறக்கினதாக யூனியன் என்னைக் கேட்காதா?"

"நானே ஆசைப்பட்டு இறங்கறேன் சார்."

"ஆசைப்பட்டு இறங்க விதியில் இடமில்லை. உங்களுக்கு எவ்வளவு பெரிய மரியாதை கிடைத்திருக்கிறது என்று உங்களுக்கே தெரியவில்லை. மஞ்சளில் தொடங்கி, பச்சை, நீலம், அரக்கு, பாக்கு என்று படிப்படியாக ஏறி வந்தால்தான் சாம்பல். சாம்பலுக்கு மேல் பதவி இல்லை."

"அப்போ நீங்க ஏன் சார் செங்கல் நிறத்துல போட்டிருக்கேள்?"

"நான் வேறு இலாகாவிலிருந்து டெபுடேஷனில் வந்தவன்" என்றார் மல்ஹோத்ரா.

வெளியே வந்தவுடன் லீலாவதி கேட்டாளாம். "என்னக்கா சொன்னாரு?"

"நாமெல்லாம் உச்சத்துல இருக்கோமாம்."

"அப்படியா? எனக்கு அடுப்புக்குள்ள இருக்கற மாதிரியில்ல இருக்கு."

விழா நாள் வந்தது. கைதட்டுவதற்கு ஆள் வேண்டும் என்பதால் ஊழியர்களின் குடும்பத்தாரையும் அழைத்திருந்தார்கள். நான் மடியில் ஒரு பையோடு உட்கார்ந்திருந்தேன். பைக்குள் கிளிப்பச்சைப் புடவை. டி.வி.க்காரர்கள் வருவதற்குக் கொஞ்சம் முன்னால் உள்ளே போய் மாற்றிக்கொண்டு வந்துவிடுவது என்பது அனந்தலக்ஷ்மியின் திட்டம். மாற்றிக்கொண்டு வந்து நின்ற பிறகு, வெளிநாட்டுக்காரன் முன்னால் யார் என்ன சொல்ல முடியும்?

அந்தச் சாம்பல் துணியில் கஞ்சி ஏராளமாக இருந்தது. புடவை உடம்பில் ஒட்டாமல் தகரம்போல் தனியே நின்றது. தலைப்பு தோளிலிருந்து நழுவிக்கொண்டே இருந்தது. அவள் இழுத்து இழுத்து விட்டுக்கொண்டிருந்தாள். ஏதோ சைகை காட்டிவிட்டு மகளிர் அறைப் பக்கம் போனாள். போன வேகத்திலேயே திரும்பி என்னிடம் வந்தாள்.

"அந்த ராம்தன் வாசல்ல நிக்கறான். ஆர்டர் நஹீன் ஹை பெஹன்ஜிங்கறான். உள்ளே விட ஆர்டர் இல்லையாம். கண்ணை மூடிண்டே சொல்றான்."

"வேற ரூம் இருக்கான்னு பார்க்கட்டுமா?"

"எல்லாத்தையும் பூட்டிட்டா. இதை நீங்களே வெச்சுக்கோங்கோ." பையை ஒருமுறை தொட்டுப் பார்த்தாள். "அக்கா தேடுவா. நிறம் தெரிஞ்சாத்தானே நான் தெரிவேன்?"

அவள் வரிசைக்குப் போனாள். அப்போதுதான் நான் மேடையையும் வாசலையும் சரியாகப் பார்த்தேன். வாங்கிய துணி மொத்தத்தையும் செலவழித்தாக வேண்டும் அல்லவா? மிஞ்சியதில் திரைச்சீலைகள் தைத்து, கூரையிலிருந்து தரைவரை தொங்கவிட்டிருந்தார்கள். பெண்கள் அந்தத் திரைக்கு முன்னால் போய் நின்றார்கள். நின்றவுடன் காணாமல் போனார்கள்.

நான் மிகைப்படுத்தவில்லை. சாம்பல்மேல் சாம்பல். சில முகங்களும், கூப்பிய சில கைகளும் மட்டும் காற்றில் நின்றன. கேமராக்காரர் கேமராவை அந்தக் கோடிக்கும் இந்தக் கோடிக்கும் திருப்பிவிட்டு, "மேடம்கள் எல்லாரும் எங்கே?" என்று ஹிந்தியில் கேட்டார்.

"இங்கதான் நிக்கறோம்" என்றது திரை, லீலாவதியின் குரலில்.

மல்ஹோத்ரா ஓடிவந்தார். "ஸ்மைல்! லேடீஸ், எல்லோரும் ஸ்மைல் பண்ணுங்கள்!"

சிரித்தார்கள். திரையின் குறுக்கே வரிசையாகப் பற்கள் தோன்றின. அதே சமயம் விருந்தாளிகள் உள்ளே வந்தார்கள். முதலில் வந்தவர் உயரமான, மரியாதை தெரிந்த மனிதர். பற்களைப் பார்த்துத் தயங்கி நின்றார். பிறகு இது இந்த நாட்டு வழக்கமாக இருக்கும் என்று நினைத்தாரோ என்னவோ, ஒவ்வொரு பல்வரிசைக்கும் தனித்தனியாகத் தலைவணங்கினார். இரண்டாமவருக்கு அந்தச் சங்கடம் இல்லை. அவர் திரையைத் திரை என்றே நம்பி, அதில் ஒரு கொக்கி துருத்திக்கொண்டிருப்பதாக எண்ணி, தன் ஓவர்கோட்டைக் கழற்றி மாட்டினார். அது லீலாவதியின் கை.

"ஐயையோ அக்கா!"

"விடாதேடி, விருந்தாளி கோட்டு" என்றாள் அனந்தலக்ஷ்மி, சிரிப்பு கலையாமல்.

மூன்றாமவர் களைத்துப்போய்ச் சற்றே சாய்ந்துகொள்ளப் பார்த்தார். அவர் சாய்ந்த இடம் நகர்ந்துவிட்டது. அவரைத் தூக்கி நிறுத்தும்வரை கேமரா ஓடிக்கொண்டேயிருந்தது. பிறகு மல்ஹோத்ரா மைக் முன் நின்று, இந்தியப் பெண்ணின் அடக்கத்தைப் பற்றிப் பேசினார். அவள் இருக்கிறாள் என்பதே தெரியாது என்றார். அன்று அரங்கில் பளிச்சென்று தெரிந்த ஒரே ஜீவன் செங்கல் நிறத்தில் இருந்தது.

வீட்டுக்கு வரும்போது பஸ்ஸில் கஞ்சிப் புடவை மட்டும் சத்தம் போட்டுக்கொண்டு வந்தது.

காலையில் விஜயலக்ஷ்மி மாடியிலிருந்து கூப்பிட்டாள். "மெட்ராஸ் கால்! ஜல்தி வாங்கோ!"

அனந்தலக்ஷ்மி படியேறும்போதே பின்னால் வந்த என்னிடம் சொல்லிக்கொண்டு போனாள். "என்னன்னு சொல்லுவேன்? வாக்குக் குடுத்துட்டு ஏமாத்திட்டாள்னு நினைச்சுப்பா." ரிசீவரை எடுத்து, "அக்கா, கோவிச்சுக்காதே..." என்று தொடங்கினாள்.

"பார்த்தேன்டீ! பச்சைப்பசேல்னு! என்ன அழகு!"

அனந்தலக்ஷ்மி என்னைப் பார்த்தாள்.

"நீ மட்டுமா? அத்தனை பேரும் பச்சை! நான் எடுத்துக் குடுத்த புடவையைப் பார்த்துட்டு கவர்ன்மென்டே அதை எடுத்துண்டுடுத்தா?"

"அக்கா, அது... எல்லாரும் பச்சையாவா இருந்தோம்?"

"கீழெல்லாம் பச்சை. முகமெல்லாம் ரோஸ். தலைதான் நீலமா இருந்தது. அங்கே குளிர் ஜாஸ்தியோ?"

சேஷன் மெதுவாக என்னிடம் கேட்டார். "அந்த மெட்ராஸ் வீட்டுக்காரர் வாங்கினது கலர் டி.வி.யா, இல்லை அந்தப் பிளாஸ்டிக்கா?" அவர் சொன்னவுடன் எனக்கும் விளங்கியது. கருப்பு வெள்ளை டி.வி.யின் கண்ணாடிமேல் மாட்டிக்கொள்ள அந்த நாளில் ஒரு பிளாஸ்டிக் தகடு விற்றது. மேலே நீலம், நடுவில் ரோஸ், கீழே பச்சை. எதைக் காட்டினாலும் தலையில் வானமும் காலில் புல்லும் வரும். தில்லி ஐ.என்.ஏ. மார்க்கெட்டில்கூடக் கயிற்றில் கட்டித் தொங்கவிட்டிருந்தார்கள்.

"அத்தனை பேரும் பச்சைன்னா, அதுல என்னை எப்படிக் கண்டுபிடிச்சே?" என்று அனந்தலக்ஷ்மி கேட்டாள்.

"மூணாவதா நின்னே. தலைப்பை இழுத்து இழுத்து விட்டுண்டே நின்னியே. சின்ன வயசுல பாவாடையை அப்படித்தான் பண்ணுவே. எனக்குத் தெரியாதா?"

மூன்று நிமிஷம் முடிந்து லைன் போனது. அனந்தலக்ஷ்மி ரிசீவரை வைத்துவிட்டு, சேஷன் வீட்டு நாற்காலியில் உட்கார்ந்து, கண்ணில் நீர் வரச் சிரித்தாள். விஜயலக்ஷ்மி காப்பி கொண்டுவந்து கொடுக்கும்வரை நிறுத்தவில்லை.

அன்று கிளிப்பச்சையைக் கட்டிக்கொண்டு ஆபீஸ் போனாள். மல்ஹோத்ரா காரிடாரில் நிறுத்தினார்.

"இது என்ன, மிஸஸ் ராஜாராமன்?"

"நேத்து டி.வி.யில வந்த நிறம் சார். மெட்ராஸ்லேர்ந்து ரிப்போர்ட் வந்திருக்கு. அங்கே நாங்க எல்லாரும் பச்சை."

மல்ஹோத்ரா பேனாவை எடுத்து அதைக் குறித்துக்கொண்டார். பிறகு இதே விஷயம் அவருடைய இறுதி அறிக்கையில் இடம்பெற்றது. இயக்ககம் தேர்ந்தெடுத்த சாம்பல், தென் மண்டலத்தை அடையும்போது பசுமையாக மலர்ந்ததாகவும், விழாவில் பெண்களின் தோற்றத்தைக் குறித்து எந்த விருந்தாளியும் குறை கூறவில்லை என்றும் அது சொன்னது. குறை கூற அவர்கள் பெண்களைப் பார்த்திருக்க வேண்டும் என்பதை யாரும் குறிப்பிடவில்லை. அவருக்குப் பதவி உயர்வு கிடைத்தது. நிறம் மாற்றிக்கொண்டாரா என்று தெரியாது.

அக்காவிடம் அனந்தலக்ஷ்மி கடைசிவரை உண்மையைச் சொல்லவில்லை. "நன்னாத்தானே பார்த்திருக்கா, அதைக் கெடுப்பானேன்?" என்பாள். விசேஷம் எதுவானாலும் அந்தப் பச்சையைத்தான் கட்டுவாள். லைப்ரரிக்கு, டாக்டர் வீட்டுக்கு, ஒருமுறை ரேஷன் கடைக்கும்.

அவள் இறந்துபோனபோது காமாக்ஷி எங்களோடுதான் இருந்தாள். புரை முற்றி ஆபரேஷன் ஆகி, தடித்த கண்ணாடி போட்டிருந்தாள். வாத்தியார் வந்தார். "சுமங்கலி. சிவப்புதான் வழக்கம். சிவப்பா ஒரு புடவை எடுங்கோ" என்றார்.

"அதெல்லாம் வேண்டாம்" என்றாள் காமாக்ஷி. என் பக்கம் திரும்பினாள். "அன்னிக்கு டி.வி.யில கட்டிண்டு நின்னாளே, அந்தப் பச்சை எங்கே?"

பீரோவைத் திறந்து எடுத்துக் கொடுத்தேன். ஜன்னலருகே கொண்டுபோய்ப் பிரித்து, கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றி இறக்கிப் பார்த்தாள். தலைப்பில் இழுத்து இழுத்து ஒரு பக்கம் நைந்திருந்தது.

"இதேதான்" என்றாள். வாத்தியாரிடம் கரையைக் காட்டினாள். "சிவப்பு இருக்கோல்லியோ? இவ்வளவு போறும்." பிறகு என்னிடம், "அன்னிக்கு எவ்வளவு நன்னா இருந்தது அவளுக்கு!"

"ஆமாம், நன்னா இருந்தது" என்றேன். யாருடைய கையெழுத்தும் அதற்குத் தேவைப்படவில்லை. அசலைப் பார்த்தவன் நான்.